எங்கள் வீட்டில் பாடம் என்று சொல்லக் கூடாது

எங்கள் மகளை ஒன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான். பரீட்சையில் 'ஆற்றில் ஓடுவது' என்று போட்டு, பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். என் மகள் அந்தக் கோட்டின் மேல் 'சாயத்தண்ணி' என்று எழுதியிருந்தாள். பாலத்தின் மேலிருந்து, சாயப்பட்டறைக் கழிவு ஓடும் நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்த திருப்பூர்ப் பிள்ளை வேறு என்ன எழுதும்? அதற்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. நேரில் போய்க் கேட்டேன். "புக்குல தண்ணீர்னுதானுங்க மேடம் இருக்குது" என்றார் ஆசிரியை. "நீங்க எந்த ஊருங்க?" என்றேன். இதே ஊர்தானாம். அதே பாலத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்கு வருகிறாராம். கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுப் புத்தகத்தில் இருப்பதைச் சொல் என்று கற்றுக்கொடுக்க ஒரு கட்டடம், அதற்கு ஒரு சீருடை, போக வர ஒரு வேன். எனக்கு அன்றைக்கே அந்த இடத்தின் மேலிருந்த மரியாதை போய்விட்டது.

ஆனால் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று முதலில் சொன்னவர் என் கணவர்தான். மனிதர் ஆரம்ப சூரர். போனில் யார் யாரோ பேசிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் என்பதே ஒரு சதி என்கிற அளவுக்குப் போயிருந்தார். எங்களைப்போலப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர்கள் கோவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூடுகிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால், எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சம்பாதித்து முடித்துவிட்டு மண்வீடு கட்டிக்கொண்டவர்கள். உடம்பில் கைத்தறி, கையில் கம்பங்கூழ், வாயில் இங்கிலீஷ். நாங்கள் பனியன் தைக்கிறவர்கள் என்றதும், "பாலியஸ்டர் கலப்பீங்களா?" என்று விசாரித்தார் ஒரு பெண்மணி. ஏதோ பாலில் தண்ணீர் கலந்து பிடிபட்டவளைப்போல நான் நின்றேன். அவர்கள் பிள்ளைகளுக்குச் சர்க்கரை கிடையாது, டிவி கிடையாது, திட்டும் கிடையாது. என் மகள் கையிலிருந்த தேன்மிட்டாயை அந்தப் பிள்ளைகள் பார்த்த பார்வை இருக்கிறதே, பாவமாக இருந்தது. மத்தியானம் தாடி வைத்த ஒருவர் எழுந்து, பாடம், படிப்பு, பரீட்சை என்கிற சொற்களே குழந்தைகள் மேல் செய்கிற வன்முறை, முதலில் அந்தச் சொற்களை வீட்டைவிட்டுத் துரத்துங்கள் என்றார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். என் கணவரும்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாடம் என்று சொல்லக் கூடாது. படிப்பு என்றும் சொல்லக் கூடாது. பிறகு அதை என்னவென்றுதான் சொல்வது? பிள்ளை காலையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள், அதற்கு ஒரு பெயர் வேண்டாமா? திரும்பி வரும் வழியில் என் கணவர் வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்து, "வேலைன்னு சொல்லலாம். அப்பனுக்கு ஒரு வேலை, அம்மாளுக்கு ஒரு வேலை, புள்ளைக்கு ஒரு வேலை. ஊட்டுல எல்லாரும் சமம்" என்றார். தன்னைத் தானே மெச்சிக்கொண்டு ஹாரன் வேறு அடித்தார். கொஞ்ச நாள் அவரும் மகளோடு உட்கார்ந்தார். அப்புறம் ஷிப்மென்ட் அனுப்பும் நெருக்கடி வந்தது. அவர் கீழே தையல் யூனிட்டுக்கு இறங்கிப் போனார், சமத்துவம் முழுக்க என் தலையில் விழுந்தது. அந்தச் சொல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. "வேலை முடிச்சுட்டயா கண்ணு?" என்பேன். "இன்னைக்கு வேலை கஷ்டமா இருக்குதும்மா" என்பாள். எங்கள் காதுக்கு அதில் ஒன்றும் விபரீதமாகப் படவில்லை.

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே எங்கள் யூனிட். கம்பெனி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளுமளவுக்குப் பெரிதல்ல. கணவரின் அண்ணன்தான் அவிநாசி ரோட்டில் பெரிதாக நடத்துகிறார். வெளிநாட்டு ஆர்டர் அவருக்கு வரும், அதில் ஒரு பங்கை நாங்கள் தைத்துக் கொடுப்போம். மகளின் படிப்பு பாதி மேலே, பாதி கீழே. துணியின் எடை பார்க்க வட்டமாக வெட்டியெடுக்கும் கட்டர் ஒன்று உண்டு, வட்டத்தின் பரப்பளவை அவள் அதை வைத்துத்தான் கற்றாள். பீகாரிலிருந்து வந்த டெய்லர்களோடு பேசிப் பேசி இந்தி வந்துவிட்டது. தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் நிற்கும் தூத்துக்குடிப் பெண்களிடமிருந்து வேறொரு தமிழும் வந்தது. கோபம் வந்தால் அந்தத் தமிழில்தான் என்னிடம் சண்டை போடுவாள். பதினோரு வயதில் ஆறாம் வகுப்புக் கணக்கையெல்லாம் தாண்டியிருந்தாள். நன்றாகத்தான் வளர்த்தேன் என்று இப்போதும் சொல்வேன்.

சொந்தக்காரர்களுக்கு அது விளங்குமா? குன்னத்தூரில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா ஒருவர் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, புள்ளைக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்றார். பள்ளிக்குப் போகாத பிள்ளை என்றால் ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், இல்லை மூளை வளராமல் இருக்க வேண்டும். வேறு எதுவும் அவர் புத்திக்கு எட்டவில்லை. எதிர்ப்பந்தியில் இருந்தவர், தன் மகனை விடுதிப் பள்ளியில் சேர்த்திருப்பதைச் சொல்லி அவன் வாங்கிய மார்க்கையும் சொன்னார். "பையன் எப்படி இருக்கறானுங்க?" என்று கேட்டேன். மறுபடியும் மார்க்கைச் சொன்னார். வீட்டுக்கு வந்து அவரைப் போலவே பேசிக் காட்டினேன். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் யூனிட்டுக்கு ஆடிட் வரும். நாங்கள் தைக்கும் துணியை விற்கிற வெளிநாட்டுக் கடைக்காரர்கள் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, சின்னப் பிள்ளைகள் யாராவது வேலை செய்கிறார்களா. அதற்கு ஒரு வாரம் முன்பே மூத்தவர் வந்துவிடுவார். கணவரின் அண்ணனை நாங்கள் அப்படித்தான் சொல்வது. டெய்லர்களை வரிசையாக நிற்கவைத்து, "எத்தனை மணி நேரம் வேலை?" என்பார். ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் பார்த்துக் கண் சிவந்து நிற்பவர்கள், "எட்டு மணி நேரமுங்க" என்று ஒரே குரலில் சொல்வார்கள். தமிழ் தெரியாத பையன்களும் அந்த ஒரு வாக்கியத்தை '-ங்க' பிசகாமல் சொல்வார்கள். தப்பாகச் சொன்னவரை மறுபடி சொல்லவைப்பார். நான் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்ப்பேன். கையில் ஒரு பிரம்பைக் கொடுத்தால் முழுப் பள்ளிக்கூடம்தான் என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அந்த முறை ஆடிட்டுக்கு வந்தது சென்னைப் பக்கத்துப் பெண் ஒருவர். மகளைக் கீழே வரவே கூடாது என்று சொல்லியிருந்தோம். அவள் அப்போது எந்தத் துணி துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று சதுரம் சதுரமாக வெட்டித் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அளவு டேப் எங்கேயோ தொலைந்துபோய்விட்டது. செக்கிங் டேபிளில் ஒன்று கிடக்கும், எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்று பின்படி வழியாக இறங்கிவிட்டாள். இறங்கியவள் ஓடி வந்தாளா? துணியை டேபிளிலேயே பரப்பி அளக்க ஆரம்பித்துவிட்டாள். கழுத்தில் டேப், கையில் துணி, சுற்றிலும் கட்டுக் கட்டாகப் பீஸ். ஆடிட்டுக்கு வந்த பெண் நேராக அங்கே போய் நின்றிருக்கிறார். நான் படியிறங்கி வருவதற்குள் பேச்சு பாதிக்கு மேல் போய்விட்டது.

"பாப்பா, நீ இங்க என்ன பண்றே?"

"வேலை செய்யறனுங்க."

"எத்தனை வருஷமா?"

"ஒண்ணாவது முடிச்சதுலருந்துங்க."

"யார் வேலை கொடுக்கறாங்க?"

"அம்மாங்க. அப்பா சும்மா இருந்தா அப்பா குடுப்பாருங்க."

"காலைல எத்தனை மணிக்கு ஆரம்பிப்பே?"

"எந்திரிச்சு பல்லு வெளக்குனதும்ங்க."

"லீவு உண்டா?"

"எங்களுக்கு லீவெல்லாம் கெடையாதுங்க" என்றாள் என் மகள், பெருமையாக. கற்றுக்கொள்வதற்கு ஏது விடுமுறை என்று நான்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வேலை முடிக்கலைன்னா என்ன பண்ணுவாங்க?"

"சாயங்காலம் சைக்கிள் கெடையாதுங்க."

இத்தனை வருடமாக அந்தப் பெண் எந்தக் கம்பெனியிலும் இவ்வளவு உண்மையான சாட்சியைக் கேட்டிருக்க மாட்டார். நான் குறுக்கே புகுந்து, இவள் என் மகள், வீட்டிலேயே படிக்கிறாள், படிப்பதைத்தான் வேலை என்கிறாள் என்று விளக்கினேன். சொல்லும்போதே எனக்கே அது கட்டுக்கதை மாதிரிதான் கேட்டது. "எல்லா கம்பெனியிலும் இதையேதான் சொல்றாங்க மேடம், என் பொண்ணுதான்னு" என்றார் அவர். "சரி, எந்த ஸ்கூல்?" ஸ்கூல் இல்லை, அதைத்தானே சொல்கிறேன் என்றேன். அவர் கையிலிருந்த டேப்லெட்டில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். நடுவில் நாங்கள் நிற்க இடமில்லை. "ஸ்கூல் போறாளா, இல்லையா?" என்றார். "இல்லை" என்றேன். திமிராகத்தான் சொன்னேன். அவர் அழுத்தினார்.

அடுத்த நாள் எங்கள் யூனிட்டுக்கு மட்டுமல்ல, மூத்தவரின் கம்பெனிக்கும் சேர்த்து ஆர்டரை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பெண் ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து பிள்ளையை நேரில் பார்த்து, பள்ளியில் சேர்த்தாயிற்று என்று திருப்தியானால்தான் மேற்கொண்டு பேச்சு. மூத்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு வந்தார்.

"இங்க பாரு அம்மிணி. என் தம்பி உன்கூடச் சேந்து கெட்டது போதும். என் பேத்தி படிக்கற ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் எனக்கு வேண்டியவரு. போன் பண்ணிக் கேட்டா, ஆமா எங்க புள்ளதான்னு சொல்லிருவாரு. உன் புள்ள ஒரே ஒரு வரி சொல்லோணும். ஸ்கூலுக்குப் போறனுங்க, அவ்வளவுதான். மறுக்கா வேலை கீலைன்னு ஒளறுனா, அடுத்த நாளே நானே கூட்டிட்டுப் போயி விடுதியில சேத்தி வுட்டுருவேன். யாரும் கேக்கக் கூடாது."

என் கணவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் ஒரு சதி என்று மேடை போடாத குறையாகப் பேசியவர், சுற்றாத ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "அண்ணன் சொல்றதும் ஒரு வகைல செரிதான்" என்றார். அந்தத் தாடிக்காரர் வந்து பார்த்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. விடுதி என்றால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பிக்கதவுக்கு வெளியே டிபன் கேரியரோடு நிற்க வேண்டும். அப்படி நிற்கும் பெற்றோர்களைப் பார்த்து நான் பேசாத பேச்சில்லை. என் பிள்ளையை அப்படி விட்டுவிட்டு என்னால் ஒரு நாள் இருக்க முடியாது. ஒரு வரிப் பொய்யில் அவள் என்னோடு இருப்பாள் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். நான் மகளை உட்காரவைத்தேன்.

"அப்ப அன்னிக்கு அந்தக்காகிட்ட நான் சொன்னது தப்பாம்மா?" என்றாள்.

"இல்ல கண்ணு. நீ செரியாத்தான் சொன்ன. அவங்களுக்குத்தான் புரியல."

"பின்ன ஏன் மாத்திச் சொல்லோணும்?"

"அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லோணும். அவ்வளவுதான்."

'போன மாசத்துலருந்து ஸ்கூலுக்குப் போறனுங்க, ஆறாவது படிக்கறனுங்க.' ஒரே தடவை சொல்லிக்கொடுத்தேன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். என் கணவர் ஆடிட்டராக நடித்துக் கேள்வி கேட்டார், அதிலும் பிசகவில்லை. கீழே டெய்லர்களுக்கு மூத்தவர் எடுக்கும் வகுப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

மூத்தவர் வீட்டிலிருந்து அவர் பேத்தியின் சீருடையும் ஒரு பழைய பையும் வந்தன. ஆடிட்டுக்கு வரும் பெண் சாயங்காலம்தான் வருவதாக இருந்தார், பள்ளி விட்டு வந்த பிள்ளை மாதிரி இருக்க வேண்டும் என்பது மூத்தவரின் ஏற்பாடு. என் மகள் மத்தியானச் சோறு முடிந்ததுமே சீருடையைப் போட்டுப் பையையும் மாட்டிக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று, தானே ரெட்டை ஜடை பின்னி ரிப்பனை மடித்துக் கட்டினாள். "மூட்டை தூக்கற ஆளாட்டமே இருக்கற" என்றேன். எப்போதும் என் கிண்டலுக்குச் சிரிக்கிறவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. படபடப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து மகளைப் பக்கத்தில் அழைத்தார். மூத்தவர், என் கணவர், நான் மூவரும் சுவரோரம் நின்றோம். மகள் தன் வரியைச் சொன்னாள். திக்கவில்லை, எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூத்தவர் மூச்சு விடுவது கேட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் டேப்லெட்டை மூடிவிட்டு, சும்மா ஒரு அன்பில், "ஸ்கூல் எப்படி இருக்கு? பிடிச்சிருக்கா?" என்றார்.

இதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

"புடிச்சிருக்குதுங்க மிஸ்" என்றாள். மிஸ் என்பதும் நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல. "என் பக்கத்துல ஒரு புள்ள உக்காருவாளுங்க. அவளுக்கு அவங்கம்மா தெனமும் லெமன் சாதந்தான் குடுத்துவுடுவாங்க. நான் என் தயிர் சாதத்துல பாதி குடுத்துருவேன். வேன்ல ஜன்னல் சீட்டுக்கு நாங்க சண்டை போட மாட்டோம்ங்க. ஒரு நாள் அவ, ஒரு நாள் நானு. பிரேயர்ல ஒசரப்படி நிக்க வெப்பாங்க, அதுல மட்டும் அவ முன்னால போயிருவா."

"மிஸ் எல்லாம் எப்படி?"

"இங்கிலீஷ் மிஸ்சுக்குக் கோவம் வந்தா கண்ணாடியக் கழட்டி டேபிள்மேல வெச்சுருவாங்க. அப்ப யாருமே பேச மாட்டோம்ங்க. எனக்குக் கையெழுத்து நல்லா இருக்குதுன்னு போர்டுல தேதி எழுதச் சொன்னாங்க."

என் கணவர் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கும் முதலில் கர்வமாகத்தான் இருந்தது. மண்வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் ஒன்றாவது இப்படிக் கதையளக்குமா என்று நினைத்தேன்.

"லீவு விட்டா ஜாலியா?" என்றார் அந்தப் பெண்.

"இல்லீங்க மிஸ். லீவு வுட்டா எனக்குப் புடிக்காது. ஊட்டுலயே இருக்கோணும். அம்மா மட்டுந்தான் இருப்பாங்க."

அந்தப் பெண் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்தார். ஆர்டர் திரும்ப வந்துவிடும் என்று மூத்தவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. "உன் புள்ள வக்கீலுக்குப் படிச்சா எவனும் ஜெயிக்க முடியாது அம்மிணி" என்று முதல்முறையாக என்னிடம் சிரித்துப் பேசிவிட்டுப் போனார். இனி யாரும் அவளை விடுதிக்கு அனுப்பப் போவதில்லை. நான் கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது.

மாடிக்கு வந்தோம். மகள் பையை இறக்கவில்லை, கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பரவாயில்லயே. இத்தனை பொய்ய எங்க கண்ணு கத்துக்கிட்ட?" என்றேன்.

"கத்துக்கலம்மா. நெனச்சுக்குவேன்."

"என்னத்த?"

"அந்தப் புள்ள, மிஸ்சு, வேனு எல்லாத்தையும். வேலை செய்யறப்ப நடுவுல நெனச்சுக்குவேன். ரொம்ப நாளா."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போகோணும்னு இருந்தா எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன சாமி?"

அவள் ரிப்பன் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "நீ எல்லாரையும் கிண்டலாப் பேசுவயில்ல. டீச்சர, பெரியப்பாவ, கல்யாணத்துக்கு வந்தவங்கள, அப்பாவக்கூட. நீ பேசுனா நானும் சிரிப்பேன். ஸ்கூலுக்குப் போறேன்னு சொன்னா என்னையும் அப்படிப் பேசுவயோன்னு பயம்மா இருந்துச்சு."

என்னைப் பற்றி ஊரில் யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் உறைத்ததில்லை. இது உறைத்தது. பேசாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையின் வார் அவள் தோளில் அழுந்தியிருந்ததை எடுத்துச் சரியாக வைத்தேன்.

"எந்த ஸ்கூல் கண்ணு?" என்று கேட்டேன்.

கேட்டு முடிப்பதற்குள் பெயரைச் சொல்லிவிட்டாள்.